மலை இறங்கும்போது மட்டும் கத்தும் இடது சக்கரம்

ஏற்காட்டை அடுத்த நாகலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தோட்டத்துக் காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு முறை பிக்அப்பில் சேலத்துக்கு இறங்குகிறார். சுமை ஒன்றேகால் டன் இருக்கும். பாதி மலை வரை பிரேக்கில் எந்தச் சத்தமும் இல்லை. அதன் பிறகு பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், கூடவே லேசான தீய்ந்த வாடை. அடிவாரத்தில் அரை மணி நேரம் நிறுத்தினால் இரண்டும் போய்விடுகின்றன. இரண்டு மாதத்துக்கு முன் முன்பக்க பேடுகளை, அதாவது பிரேக்கின் உரசு கட்டைகளை, மாற்றியும் பலனில்லை. ‘மலையில் ஓடுகிற வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும்’ என்று ஒர்க்‌ஷாப்பில் அனுப்பிவிட்டார்களாம். என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் அந்தக் கடைசிப் பதிலை ஒதுக்கிவிடுங்கள். வலது சக்கரமும் அதே மலையில்தான் இறங்குகிறது. அது சத்தமில்லாமல் வருகிறதே! ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால் குற்றம் மலையில் இல்லை, அந்தச் சக்கரத்தில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதும் உதவியது, பாதி மலை வரை சத்தமில்லை என்ற தகவல். பேடு தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினால் முதல் வளைவிலேயே சத்தம் வரும், ஆறினாலும் நிற்காது. சூடு ஏறும்போது வந்து, சூடு தணியும்போது மறைகிற சத்தம் வேறு வகை. பிரேக்கிலிருந்து நீங்கள் காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் முழுதாக விடுபடவில்லை என்பதற்கு அது அடையாளம். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கைப் பேடு இலேசாக உரசிக்கொண்டே வருகிறது. உரசல் சூட்டை வளர்க்கிறது, சூடு, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியான காலிப்பரை மேலும் இறுக்குகிறது. அரை மலை இறங்குவதற்குள் பேடின் முகம் தீய்ந்து கண்ணாடி போல் வழவழப்பாகிவிடுகிறது. அந்த வழவழப்புதான் கத்துகிறது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்கும் மேலே. வண்டியும் சுமையும் சேர்ந்து மூன்று டன் என்று வைத்துக்கொண்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி இந்த 1,200 மீட்டரை இறங்குவதற்குள் வெளிப்படும் ஆற்றல், 120 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இதில் எஞ்சினும் காற்றும் சாலையும் வாங்கிக்கொண்டது போக, மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது. நான்கு சக்கரமும் பகிர்ந்துகொள்ள வேண்டிய சூடு அது. அதற்கு மேல், விடுபடாத ஒரு சக்கரம் நிமிடத்துக்கு நிமிடம் தனக்கென்று கூடுதல் சூட்டையும் சேர்த்துக்கொண்டால் அதன் கதி என்ன ஆகும் என்று பாருங்கள்.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். அடுத்த முறை சுமை இல்லாமல், இரண்டாவது கியரில் மெதுவாக இறங்குங்கள். அடிவாரத்தில் சமதளமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். புறங்கையை இடது சக்கரத்தின் ரிம் அருகே நாலு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள்; தொட வேண்டாம். பிறகு வலது சக்கரத்தின் அருகே பிடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு அனல் அடித்தால் என் கணிப்பு தவறு. இடது பக்கம் கை வைக்க முடியாதபடி அனல் அடித்து, வலது பக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த நேரத்தில் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அடிவாரத்தில் சிலர் குடம் குடமாக ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் டிஸ்க் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். அதன் பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடலும் ஸ்டியரிங்கும் நடுங்கும்.

சூடு ஆறுவதற்குள் மெதுவாகக் கோரிமேடு பக்கம் வந்து, தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள். ஆறிய சக்கரம் நல்ல பிள்ளையாகச் சுற்றும், உங்கள் சொல்தான் பொய்யாகும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து விடட்டும். இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றட்டும். இறுக்கமாகச் சுற்றினால், காலிப்பரில் இருக்கும் ஏர் எடுக்கும் (குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிளைச் சற்றே திறக்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் கொதிசூட்டில் பீறிடக்கூடும், ஆகவே கையுறையும் கண்ணுக்குக் காப்பும் கட்டாயம்.

கண்டுபிடிப்பு முழுவதும் இந்த ஒரு நொடியில் இருக்கிறது. நிப்பிளைத் திறந்த உடனே சக்கரம் விடுபட்டுச் சுற்றினால், ஆயில் அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் பழுதென்றால் பெரும்பாலும் இரண்டு முன்சக்கரங்களும் சேர்ந்தே பிடிக்கும். உங்களுக்கு இடது மட்டும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்பட வேண்டும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலிருக்கும். உள்சுவர் மட்டும் உரிந்து ஒரு வழிக்கதவு போல வேலை செய்யும்: மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விடும், காலை எடுத்தால் திருப்பி விடாது. ஹோஸை மாற்றினால் வேலை முடிந்தது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால், பழுது காலிப்பரிலேயே இருக்கிறது. எதுவாக இருந்தாலும், நிப்பிளைத் திறந்த பிறகு முறையாக ஏர் எடுக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

காலிப்பரைக் கழற்றும்போது நீங்கள் அருகிலேயே நில்லுங்கள். இடது பக்கத்துப் பேடுகள் இரண்டையும் ஒரு செய்தித்தாளில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். உள்பக்கத்துப் பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், பேடைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்கவில்லை. வெளிப்பக்கத்துப் பேடு அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர்ந்து போய்வரும் பின்கள் இறுகியிருக்கின்றன. ஒரே பேடு ஆப்பு போல ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் சிக்கியிருக்கிறது. இரண்டே மாதத்தில் இப்படித் தேய்ந்த பேடு உங்களிடம் பெரிய உண்மையைச் சொல்கிறது. அதைப் படிக்காமல் குப்பையில் எறிந்துவிட்டுப் புதிது போடுவதுதான், எத்தனை முறை மாற்றினாலும் சத்தம் திரும்பி வருவதற்குக் காரணம். போன முறை மாற்றியபோது யாராவது அந்தப் பின்களை வெளியே இழுத்துப் பார்த்தார்களா? பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நல்ல பின் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போய்வரும். அதன் ரப்பர் உறை கிழிந்தால் ஏற்காட்டு மழையும் பனியும் உள்ளே போய்த் துருப்பிடிக்கும். துருவைத் தேய்த்து எடுத்து, கிழிந்த உறையை மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவ வேண்டும். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் கூடாது. அது பின்னின் ரப்பரை உப்ப வைத்து மறுபடியும் இறுக்கிவிடும். காலிப்பரையும் பிஸ்டன் சீலையும் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ரப்பருக்கு அவை நஞ்சு. பிரேக் ஆயிலிலோ பிரேக் கிளீனரிலோதான் கழுவ வேண்டும்.

அப்படியே பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. உங்கள் சக்கரத்தில் ஏறும் சூட்டோடு பழைய ஆயிலும் சேர்ந்தால், சத்தம் என்பது மிகச் சிறிய கவலையாகிவிடும். மலை வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றம் கட்டாயம்.

இன்னொன்று கேட்க வேண்டும். பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை சேர்த்துக் கட்டியிருக்கிறீர்களா? சுமை ஏற்றினால் வண்டி அமுங்கக் கூடாதென்று நம் பக்கத்தில் பலரும் செய்வதுதான். பல பிக்அப்களில் பின் அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கும் நடுவே ஒரு வால்வு உண்டு. வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் கொண்டு சுமையைக் கணித்து, அதற்கேற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பிரித்துத் தருவது அதன் வேலை. பட்டை கூடினால் வண்டி அமுங்காது. முழுச் சுமை இருந்தும் வால்வு காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பாரம் முழுவதும் முன் பிரேக்கின் தலையில் விழும். உங்கள் இடது சக்கரத்தின் பழுதுக்கு இது நேரடிக் காரணமாகாது; ஆனால் அந்தப் பழுதைப் பாதி மலையிலேயே வெளிக்கொண்டுவர இது போதும். பட்டை சேர்த்திருந்தால் வால்வின் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்யச் சொல்லுங்கள்.

மற்றச் சத்தங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். பனிக்காலக் காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் வரும் ‘சரசர’ டிஸ்க்கின் மேல்துரு, கவலை வேண்டாம். மிதித்ததும் ஒரே ஒரு ‘டக்’ என்றால் புஷ், யூ போல்ட், காலிப்பர் போல்ட் ஆகியவற்றின் இறுக்கத்தைப் பாருங்கள். பிரேக் மிதிக்காதபோதே உரசல் கேட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கலாம். கரகரவென்று இரும்பு அரைபடும் சத்தம் கேட்டால் மட்டும் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள், வீடு வரை கூட ஓட்ட வேண்டாம்.

பழுதைச் சரிசெய்து புதுப் பேடு போட்ட அன்றே மூட்டை ஏற்றாதீர்கள். சமதளச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை அழுத்தமாகக் குறைத்து, ஆற விட்டு, மறுபடி குறைத்து என்று இருபது முறையாவது பேடைப் பழக்குங்கள். டிஸ்க்கின் விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் வரப்பு இருந்தால், அதை லேத்தில் கடைவதற்கு முன் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதைக் கடையக் கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும்.

இறங்கும் முறையையும் சற்றுக் கவனியுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய வழக்கம் இன்றும் சரிதான். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் எஞ்சின் வாங்க வேண்டிய சூட்டையும் பிரேக்குக்குக் கொடுக்கிறார்கள். வளைவுக்கு வளைவு பெடலில் பாதத்தை வைத்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுதாக எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் மூச்சு வாங்கும்.

பழுது பார்த்து முடியும் வரை மூட்டைகளை வேறு வண்டியில் இறக்குங்கள். சரிசெய்த பிறகு முதல் சுமையோடு அடிவாரம் வந்ததும் மறுபடி புறங்கையை இரண்டு சக்கரங்களின் அருகிலும் பிடித்துப் பாருங்கள். அனல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கழற்றிய பேடுகள் நான்கையும் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்று சாக்பீஸில் எழுதிப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.