அணுகுண்டுக்கு முன்னாலேயே உலகத்தை அழித்தவர்கள்

கேள்வி: கொரோனா முடக்கத்தில் இருந்து, உலகம் அழிந்த பிறகு மிஞ்சியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கதைகளையே தேடித் தேடி வாசிக்கிறேன். இதெல்லாம் அணுகுண்டுக்குப் பிறகுதான் வந்தது என்கிறான் நண்பன். சரியா? பழையதில் எதை வாசிக்கலாம்?
— ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: அணுகுண்டுக்கு நூறு வருசத்துக்கு மேல் முந்தியே தொடங்கிவிட்டார்கள், தம்பி. 1805இலேயே கிராங்வில் என்ற பிரெஞ்சுக்காரரின் ‘கடைசி மனிதன்’ வந்துவிட்டது. அதே தலைப்பில் 1826இல், ‘பிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லியின் நாவல் வந்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் கடைசியில் கொள்ளைநோய் வந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போக, ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். அப்போது மேரிக்கு முப்பது வயதுகூட இல்லை, ஆனால் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்து, கணவரைக் கடலுக்குக் கொடுத்து, நண்பரான கவிஞர் பைரனும் இறந்துபோயிருந்தார். கணவரையும் பைரனையும் பெயரை மாற்றிக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். முதல் பாகம் இழுக்கும், பொறுமை வேண்டும்.

என்னைக் கேட்டால் ரிச்சர்ட் ஜெஃப்ரிஸ்தான். 1885இல் வந்த ‘லண்டனுக்குப் பிறகு’. அழிவு எதனால் வந்தது என்றே அவர் உருப்படியாகச் சொல்வதில்லை. மனிசர் போன பிறகு நிலம் என்ன ஆனது என்பதுதான் முதல் பாகத்தில் பெரும்பகுதி: அடுத்த இளவேனிலிலேயே எங்கும் புல், அறுக்க ஆளில்லாமல் சாய்ந்த கோதுமையில் எலி பெருகி, எலியைத் தேடி ஆந்தை வந்து, வேலியோரத்து முட்பற்றை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இருபது வருசத்தில் நடு வயலில் ஒன்றையொன்று தொட்டுவிடுகிறது. வேளாண்மை செய்கிற வீட்டில் பிறந்தவர் அல்லவா, பார்த்தவன் எழுத்து அது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, பல வருசம் கழித்து மட்டக்களப்பின் படுவான்கரைக்குத் திரும்பி, வரம்பு எது வாய்க்கால் எது என்று பற்றைக்குள் தேடியவர்களுக்கு இந்தப் பக்கங்கள் கற்பனையாகவே தெரியாது. இரண்டாம் பாகம், ஒரு இளைஞனின் தோணிப் பயணம், எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. நச்சுச் சேறாகிக் கிடக்கும் லண்டனுக்குள் அவன் போகிற இடம் மட்டும் விதிவிலக்கு.

அப்புறம் ஜாக் லண்டன் (இது ஆள், ஊரில்லை) 1912இல் வெளியிட்ட ‘செந்நிறக் கொள்ளைநோய்’. நோய் வருவது 2013இல், கதை நடப்பது 2073இல். பழைய பேராசிரியர் ஒருவர், ஆட்டுத்தோல் கட்டிய பேரப்பிள்ளைகளுக்கு உலகத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று விளக்கப் பார்க்கிறார். அவன்களுக்கோ பத்துக்கு மேல் எண்ணவே சிரமம், கல்லையும் சிப்பியையும் அடுக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2010இல் எண்ணூறு கோடிப் பேர் என்பது அவர் கணக்கு. நூறு கோடி சொச்சம்தான் கூடிப்போனது, அந்தக் காலத்துக்கு மோசமில்லை.

மூன்றுக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது, ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஜாக் லண்டனின் கதையில் தொடங்குங்கள், சின்னது, ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.