பழைய புடவையில் குயில்ட் தைத்து விற்கலாமா? கேள்வி பதில்

பழைய பட்டு, பருத்திப் புடவைகளை வெட்டிச் சேர்த்து குயில்ட், அதாவது அடுக்குப் போர்வை, தைத்து விற்பதுதான் என் தொழில். இதில் இறங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலரும் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, அம்மா, பாட்டி, மாமியார் புடவைகள் என்று இரண்டு பீரோ நிறைய இருக்கிறது. இதை வைத்தே ஆரம்பித்துவிடலாமா? (கும்பகோணம்)

அந்த பீரோவைத் தொழில் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒருவர் படம் பார்த்துவிட்டு "இதே மாதிரி இன்னொன்று வேண்டும்" என்றால் கொடுக்க முடியாது. அதோடு, ஆசையாக வைத்திருக்கும் துணியில் கத்தரிக்கோல் வைக்கக் கை வராது. வைத்தாலும் நியாயமான விலைக்கு விற்க மனசு வராது.

பழைய வாயில் (voile) பருத்திப் புடவையில் ஆரம்பியுங்கள். மெல்லிசு, துவைத்துத் துவைத்து இளகியிருக்கும், ஊசி சுலபமாக இறங்கும். புது வரவு குழந்தையைப் பழைய புடவைத் துணியில் சுற்றிப் பழகியவர்கள் நாம், அதனால் அந்தத் துணியின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐந்தரை மீட்டர் புடவை சுமார் 216 அங்குலம். 90 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டி அகலவாக்கில் இணைத்தால், 45 அங்குல அகலப் புடவையில் 90-க்கு 90 ஒரு அடுக்கு கிடைத்துவிடும். மிச்சம் ஒரு கெஜம் ஓரப்பட்டிக்கு ஆகும். மூன்று புடவை, மூன்று அடுக்கு, ஒரு டபுள் போர்வை.

நடுவில் பஞ்சு வைக்க வேண்டாமா?

நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம். ஏசி அறைக்கு மூன்று அடுக்கு துணியே போதும். பஞ்சு வைத்தால் துவைத்துக் காயவைப்பதும் பாடு, பார்சல் எடையும் ஏறும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஆர்டர் வந்தால் மட்டும் யோசியுங்கள்.

துணி எங்கே வாங்குவது?

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர்கள் தெருவில் வருவார்களே, அவர்களிடம் பேசுங்கள். கிழியாத பருத்தியைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி, அவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால், தேடி வந்து தருவார்கள். அடித்துணிக்கு ஈரோடு ஜவுளிச் சந்தையில் மொத்தமாக எடுக்கலாம். திருப்பூர் பனியன் வேஸ்ட் மலிவு என்று நிறையப் பேர் போய் விழுகிறார்கள். அது இழுபடும் துணி, புடவைத் துணியோடு சேர்த்தால் தையல் சுருங்கி நெளியும்.

பட்டுப்புடவை வெட்டத் தாங்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை)

முதலில் மடிப்பைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்தக் கோட்டில்தான் விட்டுப்போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீறல் தெரியும். அப்புறம் இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் மெதுவாக இழுங்கள். சரசரவென்று சத்தம் வந்து பிரிந்தால் அது போர்வைக்கு ஆகாது. ஓரளவு நலிந்ததற்குப் பின்னால் மெல்லிய மல் துணி கொடுத்துத் தைத்து, குஷன் கவருக்கோ சுவரில் மாட்டவோ பயன்படுத்தலாம். அக்குள், இடுப்புச் செருகல் இரண்டையும் கழித்துவிடுங்கள். வியர்வை பட்ட பட்டு நிற்காது.

ஜரிகை அசல்தானா என்று பார்த்த பிறகு வெட்டுவதா?

கட்டாயம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. ஓரத்தில் ஒரு இழையை உரித்தால் உள்ளே பெரும்பாலும் சிவப்புப் பட்டு நூல் இருக்கும். போலியிலும் சிவப்பு நூல் வைப்பதுண்டு, அதனால் தெரிந்த நகைக்கடையில் உரைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கனமான அசல் ஜரிகைப் புடவைக்கு, பழைய பட்டு வாங்குபவர் கொடுக்கும் காசு நீங்கள் தைத்துச் சம்பாதிப்பதைவிட அதிகமாகவே இருக்கலாம். புடவை வாடிக்கையாளருடையது என்றால், வெட்டுவதற்கு முன் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆர்டர் போனாலும் போகட்டும்.

என் கட்சி என்னவென்றால், கட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கும் கோர்வைப் புடவையை யாரும் வெட்டக் கூடாது. கரையை வேறு நிறத்தில் தனியாகப் பின்னிக் கோர்த்து நெய்வது லேசான வேலையில்லை.

சாயம் போகும் சுங்குடியை என்ன செய்வது? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்குமா?

நிற்காது. கழன்று வருகிற சாயத்தை உப்பு கட்டிப்போடாது. ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால், ஒட்டாமல் போகும்வரை அலசுங்கள். பத்து அலசலுக்கும் அடங்காத சிவப்பை வெளிர்நிறத்தோடு சேர்க்கவே கூடாது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் மெட்ராஸ் செக் துணியை, சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். அந்த அதிர்ஷ்டம் நமக்கு வாய்க்காது. படுக்கை விரிப்பு கறையானால் போர்வை திரும்பி வந்துவிடும்.

விலை சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கணக்குப் போடுவது? (திருநெல்வேலி)

தொட்டில் குழந்தைக்கான கைத்தையல் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 மணி நேர வேலை. மணிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 2,000. துணி, நூல், பை எல்லாம் 350. தபால் 150. கழித்துப்போடும் துணிக்கும் திரும்பி வருவதற்கும் பத்து சதவீதம், 250. ஆக 2,750 ரூபாய் உங்கள் அடக்கம். லாபம் இதற்கு மேல்தான். "பழைய துணிதானே, ஐந்நூறுக்குத் தரக் கூடாதா" என்பவரிடம் வாதாட வேண்டாம், அவர் வாங்கப் போவதில்லை. அவருக்காக மெஷின் தையலில் சின்னப் பை, டேபிள் மேட் என்று தனி வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கைத்தையலின் விலையைக் குறைக்காதீர்கள். குறைத்தால், பக்கத்து வீட்டுப் பெண்களைத் தைக்க வைக்கும் நாளில் அவர்கள் கூலிதான் முதலில் அடிபடும்.

இறந்துபோன அம்மாவின் புடவைகளில் போர்வை தைத்துத் தரச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். ஆனால் இந்தத் தொழிலில் காசு இதில்தான் இருக்கிறது. துணிச் செலவு கிடையாது, விலையில் பேரமும் குறைவு. புடவைகளை வாங்கும்போதே ஒவ்வொன்றையும் விரித்து, கறை, கிழிசல் எல்லாம் தெரியப் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். எந்த இடத்தை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். முந்தியை வெட்டாமல் நடுவில் முழுசாக வைக்கச் சொல்பவர்கள் நிறைய. பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். மிச்சத் துணியை ஒரு நூல் விடாமல் போர்வையோடு திருப்பிக் கொடுங்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கை நான்கு பேர் இருந்தால், எல்லோருக்கும் சம்மதமா என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் கொண்டுவருவது நடக்கிறது.

துவைக்கட்டுமா என்றும் கேளுங்கள். அந்த வாசனைக்காகவே வைத்திருப்பவர்கள் உண்டு.

காந்தா என்று போட்டால் வேகமாக விற்கிறது. போடலாமா?

வேண்டாம். நக்ஷி காந்தா மேற்கு வங்கத்தின் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி சமூகப் பெண்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்துக்கொண்டே போகும் கவந்திப் போர்வையும் அவர்களுக்கே உரியது. பார்த்துக் கற்றுக்கொள்வதில் தப்பில்லை. உங்களுடையதற்கு "கைத்தையல் வாயில் போர்வை" என்று போடுங்கள், பழைய துணி என்பதையும் மறைக்காதீர்கள்.

பதிவு, ஜிஎஸ்டி?

பொருள் விற்பனை மட்டும் என்றால், மாநிலத்துக்குள் வருடத்துக்கு 40 லட்சம்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் விதி வேறு. முதல் ஆர்டருக்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், அதற்குக் காசு கேட்பவர் இடைத்தரகர்.

பழைய பெட்டி வாடை போக?

நிழலில் காற்றாட ஒரு வாரம். பட்டுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர். கஞ்சி போட்டு எடுத்து வைக்காதீர்கள், இராமபாணப் பூச்சி அதற்குத்தான் வரும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலம் விற்கலாமா?

விற்கலாம், ஆனால் பழைய கணக்கு இனி செல்லாது. 800 டாலர்வரையிலான பார்சலுக்கு அங்கே இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் இறுதியோடு எடுக்கப்பட்டுவிட்டது. வரியை யார் கட்டுவது என்று விலை சொல்லும்போதே பேசிவிடுங்கள்.