நான் மட்டும் என்ன பேயனா?

கேள்வி: வெள்ளவத்தையில் 24 வீடுகள் உள்ள தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். கொமிட்டிச் செயலாளர் நான்தான். மாதம் 7,500 ரூபாய் பராமரிப்புக் காசு. 11 வீடுகள் கட்டுவதில்லை. லிஃப்ட் நின்று ஒரு மாதமாகிறது, திருத்த ஒன்பது லட்சம் கேட்கிறார்கள். "நான் லிஃப்டில ஏறுறதே இல்லை, எனக்கென்ன?" என்கிறார் கீழ்வீட்டு ஐயா. கட்டாத வீடுகளின் பட்டியலை லிஃப்ட் கதவில் ஒட்டினேன், சண்டைதான் மிச்சம். 2022இல் காஸ் இல்லாமல் தவித்தபோது ஒரே அடுப்பில் சமைத்துப் பகிர்ந்ததும் இதே ஆட்கள்தான். "மனிசன் பிறவியிலேயே சுயநலக்காரன், விட்டுத் தள்ளு" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா? நான் விலகிவிடட்டுமா?
– செயலாளர், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். 2022இல் காஸ் வரிசையில் அவர் நின்றபோது தன் சிலிண்டரை மட்டுமா கொண்டு போனார்? பக்கத்து வீட்டு அன்ரியின் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு போயிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் ஒரே அடுப்பில் எல்லாருக்கும் சமைத்த கதை நடந்திருக்காது.

அவர் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுவிற்சர்லாந்தின் சூரிச்சில் ஏர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெக்டர் என்ற பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு பரிசோதனை உங்கள் கொமிட்டியைப் பார்த்துச் செய்தது போலவே இருக்கும். நால்வருக்குத் தலா 20 ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். விரும்பினதைப் பொதுப் பெட்டியில் போடலாம். பெட்டியில் விழும் ஒவ்வொரு ரூபாயும் 1.60 ஆகி, நால்வருக்கும் சமமாகப் பிரியும். எல்லாரும் முழுதும் போட்டால் ஆளுக்கு 32 ரூபாய். மூவர் போட்டு ஒருவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் போட்டவர்களுக்கு 24, போடாதவருக்கு 44. முதல் சுற்றில் பலர் ஓரளவு தாராளமாகத்தான் போட்டார்கள். சுற்றுகள் போகப் போகப் பெட்டி வற்றிக்கொண்டே வந்தது.

அதை வற்ற வைத்தது யார் என்பதுதான் விசயம். அடுத்த வருடம் ஃபேர், கெக்டர் இருவரும் ஊர்ஸ் ஃபிஷ்பாகருடன் சேர்ந்து அதைத் துருவிப் பார்த்தார்கள். யார் போட்டாலும் போடாவிட்டாலும் தாம் போடாதவர்கள் சுமார் 30 வீதம். பாதிப் பேர் அப்படியில்லை. மற்றவர்கள் எவ்வளவு போடுவார்கள் என்று பார்த்துத் தாங்களும் போடுகிறவர்கள். அடுத்தவர் கையை எடுத்தால் இவர்களும் எடுத்துவிடுவார்கள். இவர்களுக்கு ஆசையைவிட ஏமாளியாகிவிடும் பயமே பெரிது. "நான் மட்டும் என்ன பேயனா?" என்று உங்கள் படிக்கட்டில் யாராவது கேட்டிருப்பாரே, அந்தக் கூட்டம்தான்.

ஆகவே பிறவிக் குணத்தைப் பற்றிய வாதத்தை நான் நீட்டப் போவதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தைகள், முன்பின் தெரியாத ஒருவர் தவறவிட்ட பொருளைத் தாமாகவே எடுத்துக் கொடுப்பதை ஜேர்மனியின் லைப்சிக்கில் 2006இல் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பொம்மையைப் பிடுங்குவதும் அதே வயதுக் குழந்தைதான். இரண்டும் எங்களுக்குள் இருக்கிறது. எது வெளியே வரும் என்பதைப் பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களும் விதிகளும்தான் தீர்மானிக்கின்றன.

கொழும்பில் இருந்துகொண்டு இதற்கு வெளிநாட்டு ஆய்வு தேவையே இல்லை. 2022 ஜூலைக்கு முன்னர் பெற்றோல் செட்டில் நாங்கள் எப்படி நின்றோம்? தாங்கி பாதி நிறைந்திருந்தாலும், நாளைக்குக் கிடைக்காதே என்று வரிசையில் வாகனத்தைப் போட்டோம். கேனில் அடித்து வீட்டில் ஒளித்தவர்களும் உண்டு. பிறகு கியூஆர் முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர், முச்சக்கரவண்டிக்கு 5 லீட்டர் என்று தொடங்கினார்கள். யார் எவ்வளவு எடுத்தார் என்பது பதிவானது, தன் பங்கு தனக்கு இருக்கும் என்று சனத்துக்கும் விளங்கியது. வரிசை சுருங்கியது. (கப்பல்கள் வந்ததும் ஒரு காரணம், மறுக்கவில்லை.) ஜூனில் முண்டியடித்தவரும் ஓகஸ்ட்டில் அமைதியாக நின்றவரும் ஒரே ஆள்தான்.

இதைவிட நல்ல உதாரணம் அம்பாறைப் பக்கம் இருக்கிறது. கல் ஓயா இடதுகரை நீர்ப்பாசனம் 1980 அளவில் சீர்கெட்டுக் கிடந்தது. கதவுகள் உடைந்திருந்தன. வாய்க்காலின் தலைப்பக்கத்தில் இருந்தவர்கள் தேவைக்கு மேல் தண்ணீர் எடுக்க, கடைப்பக்கத்து வயல்கள் காய்ந்தன. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைப்பக்கத்தில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். இது இனத்தின் பெயரால் நாடு எரியத் தொடங்கிய காலம் என்பதையும் சேர்த்து நினையுங்கள். கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை அந்த ஊர்களிலேயே தங்க வைத்தன. அவர்கள் ஒவ்வொரு வாய்க்காலாகப் போய், விவசாயிகளுடன் இருந்து கதைத்தார்கள். முதலில் சிறு குழுக்கள், பிறகு சிரமதானமாக வாய்க்கால் துப்புரவு, அதற்குப் பிறகு முறை வைத்துத் தண்ணீர். கடைசியில் தலைப்பக்கத்தார் தங்கள் மடையை அடைத்துக் கீழே தண்ணீர் விட்டார்கள். அவர்கள் ஒரே இரவில் புனிதர்களாகவில்லை. நாம் விட்டால் அது உரிய இடத்துக்குப் போகும், நம் முறையும் திரும்பி வரும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பொதுச் சொத்துக்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கல் ஓயாவையும் எடுத்துப் பேசியிருக்கிறார்.

சரி, உங்கள் லிஃப்டுக்கு வருவோம்.

அந்தப் பட்டியலை இன்றைக்கே கிழித்துவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தாள், கட்டுகிற 13 வீடுகளுக்கும் காலையும் மாலையும் "உங்களைத் தவிரப் பாதிப் பேர் கட்டுவதில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன பழைய மரங்கள் உள்ள ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. "இங்கு வருபவர்களில் பலர் துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள்" என்ற பொருளில் அங்கே பலகை வைத்துப் பார்த்தார் ரொபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர். தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகையைவிட அங்கேதான் களவு கூடியது. எல்லாரும் எடுக்கிறார்களாம், நாமும் எடுத்தால் என்ன என்று ஆகிவிட்டது. கட்டியவர்களின் கணக்கை ஒட்டுங்கள். எவ்வளவு வந்தது, தண்ணீர் மோட்டாருக்கு எவ்வளவு, செக்கியூரிட்டிக்கு எவ்வளவு, கையில் மிச்சம் எவ்வளவு என்று பில்லின் படத்தோடு வட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

கீழ்வீட்டு ஐயாவை நான் சுயநலக்காரர் என்று சொல்லமாட்டேன். அவர் கேட்பது நியாயமான கேள்வி. மேல் தாங்கியில் இருந்து வரும் தண்ணீரில் குளிக்கிறாரா? கேட்டைக் காவலாளி பார்க்கிறாரா? அவற்றுக்கு முழுக் காசும் வாங்குங்கள், லிஃப்ட் பங்கைக் குறையுங்கள். அனுபவிக்கிற அளவுக்குக் கொடுப்பது என்பது நீடித்து நிற்கும் பொது ஏற்பாடுகளில் ஒஸ்ட்ரம் கண்ட அம்சங்களில் ஒன்று. ஐந்தாம் மாடிக்காரர் கொஞ்சம் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும், லிஃப்ட் வேண்டியது அவருக்குத்தானே.

ஒன்பது லட்சத்தைச் சும்மா "தாருங்கள்" என்று கேட்காதீர்கள். இத்தனை வீடுகள் கட்டினால் மட்டும் ஓடர் கொடுப்போம், இந்தத் திகதிக்குள் சேராவிட்டால் ஒவ்வொருவர் காசும் முழுதாகத் திரும்பி வரும் என்று எழுத்தில் கொடுங்கள். "போட்ட காசு போய்விடுமோ" என்று தயங்குகிற அந்தப் பாதிப் பேர் அப்போதுதான் அசைவார்கள். கணக்குப் பார்க்க இருவரை நியமியுங்கள், அதில் ஒருவர் இப்போது கட்டாத வீட்டிலிருந்து வரட்டும். பெரும்பாலும் சந்தேகம்தான் அவரைக் கட்டவிடாமல் வைத்திருக்கும்.

அப்படியும் ஓரிருவர் அசையமாட்டார்கள். அவர்களுக்காகப் பொதுக்கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு சிறிய தாமதக் கட்டணத்தை முடிவு செய்யுங்கள். முதல் தடவை கொஞ்சம், பிறகு கூட. அதுவும் சரிவராவிட்டால் சட்டத்தரணியிடம் போங்கள். கொமிட்டியின் பெயரில் போங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். தனி ஆளாக நீங்கள் கதவைத் தட்டினால், கட்டாதவர் தன் கோபத்தை உங்கள் மேல்தான் காட்டுவார். இப்போது நடப்பதும் அதுதான்.

விலகுவதைப் பற்றிக் கேட்டீர்கள். லிஃப்டை ஓட வைத்துவிட்டு விலகுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. செயலாளர் பதவியை வருசத்துக்கு ஒருவர் என்று சுழற்சியில் விடும் தீர்மானத்தையும் அதே கூட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். முதல் முறைக்கு உங்கள் கணவரின் பெயரை யாரையாவது கொண்டு முன்மொழியச் சொல்லுங்கள்.