பெறாமகன்ட முழங்காலும் எங்கப்பாட தையல் மெஷினும்

வணக்கம் தம்பி,

வயசில மூத்தவள் எண்டபடியால் தம்பி எண்டே எழுதுறன், குறை நினைக்காதேங்கோ. நான் கொழும்பில, வெள்ளவத்தையில இருக்கிறன். புதுக்கடை கோர்ட்டில நீங்கள் வேலை செய்த காலத்தைப் பற்றி எழுதினதுகளை விடாமல் வாசிக்கிறனான், அதாலதான் உங்களிட்டக் கேக்கிறன். என்ர அக்காவின்ர மகன், எனக்குப் பெறாமகன், சுவிஸில பேர்ண் பக்கம் இருக்கிறான், 26 வயசு, எலெக்ட்ரீஷியன் வேலை. போன மாசியில வேலையிடத்துப் பொடியளோட பனிமலையில சறுக்கி விளையாடுற ஸ்கீ செய்யப் போன இடத்தில, பின்னால வேகமா வந்த ஒராள் அடிச்சு விழுத்திப்போட்டான். முழங்காலுக்குள்ள இருக்கிற ஏசிஎல் எண்ட சவ்வு அறுந்து ஒபரேஷன் செய்தாச்சு, ஏணியில ஏறுற வேலை இப்ப செய்ய ஏலாது. அடிச்சவன் பேர் விலாசம் குடுத்தவனாம், பக்கத்தில நிண்ட ஒரு டச்சுக்காரப் பிள்ளையும் கண்டதாம். இன்சூரன்ஸ் சம்பளத்தில பெரும்பங்கு குடுக்குது. இப்ப கூட்டாளி ஒராள், ஸ்கீ விபத்துக் கேஸ் மட்டுமே பாக்கிற லோயர் இருக்கினம் எண்டு கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அக்காவுக்குப் பிடிக்கேல்ல. ‘விளையாடப் போய் விழுந்ததுக்கு அடுத்தவனிட்டக் காசு கேக்கிறதோ, அகதியா வந்த சனம் நாங்கள், கேஸ் எண்டு நிண்டால் என்ன நினைப்பினம், உயிர் தப்பினதே காணும்’ எண்டு அழுறா. எனக்கும் அந்த லோயர்மாரில நல்ல எண்ணமில்லை, ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டு ஆள் பிடிக்கிறவை எண்டுதானே கேள்வி. உண்மையா அவை என்னதான் செய்யினம்?

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள அக்கா,

‘உயிர் தப்பினதே காணும்’னு எழுதியிருக்கீங்களே, அந்த இடத்துலயே நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். 1993ல எங்கம்மாவும் இதையேதான் சொன்னாங்க. அப்பா டெய்லர், கொட்டாஞ்சேனைல எங்க வீட்டு முன்னறைதான் கடை, காலால மிதிக்கிற பழைய மெஷின் ஒன்னு. புறக்கோட்டைல துணி வாங்கிட்டு வந்தவர் பஸ்ஸ விட்டு இறங்குறார், ஒரு கால் ரோட்டுல, மத்தக் கால் புட்போர்டுல, பஸ்ஸ எடுத்துட்டான். முழங்கால் சில்லு உடைஞ்சு பெரியாஸ்பத்திரில மூணு கிழமை கிடந்தார். பொலிஸ்ல ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு சமாதானமா போங்கன்னாங்க, பஸ் முதலாளி 8,000 ரூபாவும் ஒரு பேக் அப்பிளும் கொண்டுவந்து குடுத்தாரு, அப்பா ஒரு பேப்பர்ல கையெழுத்து வச்சாரு, அது சிங்களத்துல இருந்துச்சு, அதுல என்ன எழுதியிருக்குன்னு எங்க வீட்டுல ஒருத்தரும் கேக்கல. தலைக்கு வந்தது காலோட போச்சுன்னு அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல மெழுகுதிரி ஏத்துனாங்க. பத்து மாசம் கழிச்சுத்தான் விளங்குச்சு, அப்பாவால அரை மணித்தியாலத்துக்கு மேல மெஷின் மிதிக்க ஏலாதுன்னு. அதுக்குப் பொறவு வீட்ட நடத்துனது அம்மா இடியப்பம் அவிச்சு வித்த காசு.

1996ல நான் புதுக்கடைல ஒரு லோயர்ட சேம்பர்ல கிளார்க்கா சேர்ந்தேன். அவர் பார்த்ததுல பாதி விபத்துக் கேஸ். சேர்ந்த முதல் கிழமையே ஒரு பைல தந்து விபத்து நடந்த திகதிய எடுத்து ரெண்டு வருஷம் எண்ணிப் பாருன்னாரு. 1871ல போட்ட சட்டம் அது, காயம் நட்டம்னு வழக்குப் போடுறதுன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுரணும், இன்னைக்கும் அதான் நம்ம நாட்டுல நிக்குது. நான் அந்தப் பைல்ட திகதிய எண்ணிட்டு, மனசுக்குள்ள அப்பாட திகதியையும் எண்ணினேன். தாண்டி ஒரு வருஷமாச்சு. சேர்கிட்ட சொன்னேன், அவர் கண்ணாடியக் கழட்டி மேசைல வச்சுட்டு, அந்தப் பேப்பர் இருக்கான்னு மட்டும் கேட்டாரு. இல்லன்னேன்.

அதனால அக்கா, இந்தக் கேள்விக்கு எனக்கு நடுநிலையா பதில் சொல்ல வராது, முதல்லயே சொல்லிடுறேன். ஒன்பது வருஷம் அந்த சேம்பர்ல இருந்து பார்த்ததுல, இந்த லோயர்மார்ட வேலையில கோர்ட்டுல எழும்பி நின்னு கதைக்கிறது ரொம்பக் கொஞ்சம். மிச்சமெல்லாம் அழிஞ்சு போற சாமான்கள அழியிறதுக்கு முன்னால பிடிச்சு வைக்கிற வேலை. ரோட்டுல டயர் இழுத்த தடம் ஒரு மழைக்கு போயிடும், சாட்சி சொன்னவர் வேலை மாறி ஊர் மாறிப் போயிடுவார், காயம்பட்டவருக்கே மூணாம் மாசம் எந்தப் பக்கம் முதல்ல வலிச்சதுன்னு மறந்துடும். இங்க நாங்க அதுக்கே ஓடித் திரிஞ்சோம், பனில யோசிச்சுப் பாருங்க, காலைல அடிபட்ட இடம் பின்னேரம் உருகிடும், இல்லாட்டி ராத்திரி மெஷின் வந்து மட்டப்படுத்திட்டுப் போயிடும், பார்த்த சாட்சிங்க நாலு நாட்டுக்காரங்க, சனிக்கிழமை லீவு முடிஞ்சு அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க. ஸ்கீ கேஸ் மட்டும் பாக்கிற லோயர்னு ஒருத்தர் இருக்கிறது இதனாலதான்.

க்வினெத் பேல்ட்ரோன்னு ஹொலிவூட் நடிகை இருக்காங்கல்ல, அவங்கட கேஸ் 2023ல பேப்பர் டிவி எல்லாத்துலயும் வந்துச்சு. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஒரு மலைல 2016ல ரெண்டு பேர் மோதிக்கிட்டாங்க, இவர்தான் பின்னால வந்து அடிச்சார்னு ஒருத்தர மத்தவர் சொல்றாங்க, அந்த மனுஷன் மூணு லட்சம் டொலருக்கு மேல கேட்டார், நடிகை பதிலுக்கு ஒரேயொரு டொலர் கேட்டாங்க. ஏழு வருஷம் கழிச்சு ஜூரி நடிகை பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அந்தக் கேஸ் முழுக்க சுத்திச் சுத்தி வந்தது ஒரே ஒரு கேள்வியத்தான், மோதுற நேரம் மலைச் சரிவுல யார் மேல, யார் கீழ. ஏன்னா கீழ போறவருக்கு முதுகுல கண் இல்ல, மேல இருந்து வர்றவர்தான் பார்த்து ஒதுங்கணும். சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 1967லயே பத்து விதி போட்டிருக்கு, அதுல மூணாவது விதி இதுதான். பத்தாவது விதி, விபத்துல சம்பந்தப்பட்டவங்களும் சாட்சிங்களும் ஒருத்தருக்கொருத்தர் பேர் விவரத்த குடுத்துக்கணும்னு சொல்லுது. சுவிஸ் கோர்ட்டுகள் யார் கவனமா நடந்தாங்கன்னு அளக்குறதுக்கு இந்த விதிகளத்தான் எடுத்துப் பாக்கும். உங்க பெறாமகன் கேஸ்ல பின்னால வந்தவன் அடிச்சிருக்கான், பேரும் தந்திருக்கான், பார்த்த ஆளும் இருக்கு. விளையாடப் போய் விழுந்தது வேற, விழுத்தப்பட்டது வேற அக்கா, உங்க அக்காவுக்கு இத ஒருக்கா மெதுவா எடுத்துச் சொல்லுங்க.

சுவிஸ்ல இன்னொரு வசதியும் இருக்கு, வாரத்துக்கு எட்டு மணித்தியாலமாவது ஒரே இடத்துல வேலை செய்றவருக்கு வேலைக்கு வெளிய நடக்கிற விபத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டு, ஆஸ்பத்திரிச் செலவப் பாத்துக்கும், விபத்து நடந்து மூணாவது நாள்ல இருந்து சம்பளத்துல 80 வீதம் வரும். அதத்தான் பெரும்பங்கு வருதுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப லோயர் எதுக்குன்னு கேப்பீங்க. மிச்சம் 20 வீதத்த யார் தாறது? ஏணில ஏற ஏலாத எலெக்ட்ரீஷியன் பத்து வருஷத்துல எந்தப் பதவிக்கு வந்திருப்பான், இப்ப எங்க நிப்பான், அந்த வித்தியாசத்த யார் கணக்குப் பாக்கிறது? வலிக்கும் மனவேதனைக்கும்னு தனியா கேக்க சட்டத்துல இடமிருக்கு. வீட்டு வேலை செய்ய ஏலாமப் போனதையும் அந்த நாட்டுக் கோர்ட் நட்டமா எடுக்கும், அதுக்கு ஒரு வேலைக்காரிய சம்பளத்துக்கு வச்சாத்தான்னு இல்ல, வீட்டு ஆட்கள் பல்லக் கடிச்சுக்கிட்டு செஞ்சாலும் அது நட்டம்தான். இத முதல்ல வாசிச்சப்ப எனக்கு அம்மாட இடியப்பத் தட்டுத்தான் ஞாபகம் வந்துச்சு. இதெல்லாம் அடிச்சவன்ட சொந்த இன்சூரன்ஸ்கிட்ட கேக்க வேண்டியது, அனேகமா அங்க எல்லாரும் அப்படி ஒன்னு எடுத்து வச்சிருப்பாங்க, அதனால அந்த மனுஷன்ட வீட்ட வித்து உங்க பொடியன் காசு வாங்கப் போறதில்ல, உங்க அக்கா அழுறதுக்கு அதுவும் ஒரு காரணம்னா அதையும் சொல்லி வைங்க.

கணக்குப் பாக்கிற வேலை எப்படின்னு ஒன்னு சொல்றேன். எங்க சேம்பருக்கு புறக்கோட்டைல மூடை தூக்குற நாட்டாமை ஒருத்தர் வந்தார், லொறி பின்னுக்கு எடுக்கும்போது சுவரோட வச்சு நசுக்கி இடுப்பு போயிடுச்சு. அவருக்கு சம்பளச் சீட்டு இல்ல, பேங்க் புத்தகம் இல்ல. அடுத்த பக்கம் சொல்லுச்சு வருமானமே நிரூபிக்க ஏலாதுன்னு. சேர் என்ன நாலாங் குறுக்குத் தெருவுக்கு அனுப்பினார், கடை கடையா ஏறி எந்த நாள் யார் எத்தன மூடை தூக்கினதுன்னு கடைக்காரங்க எழுதி வச்ச கொப்பிகளப் பார்த்து வரச் சொன்னார். மூணு கிழமை, அரிசித் தூசிக்குள்ள உக்காந்து எழுதினேன், ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எவ்வளவு பாரம் முதுகுல ஏத்தினார்னு. அந்தப் பேப்பர அவருக்கு வாசிச்சுக் காட்டினப்ப அவர் கேட்டது, இவ்வளவையா நான் தூக்கினேன்னு. இன்சூரன்ஸ் கொம்பனி பிறகு அந்தக் கணக்க ஒத்துக்கிச்சு, காசும் வந்துச்சு, ஆனா எனக்கு அந்தக் கேள்விதான் இன்னும் காதுல இருக்கு.

ஆஸ்பத்திரி வாசல்ல ஆள் பிடிக்கிறவங்க இருக்காங்களான்னா இருக்காங்க, இங்கயும் பார்த்திருக்கேன், காயம்பட்டவர் மயக்கம் தெளியிறதுக்கு முன்னால கையெழுத்து வாங்குறவங்கள எனக்கு மன்னிக்க ஏலாது. அமெரிக்காவுல வெற்றி பெற்றா மூணுல ஒரு பங்கு எனக்குன்னு பேசுற வழக்கம் சாதாரணம், கையில சல்லி இல்லாதவனுக்கும் அதாலதான் லோயர் கிடைக்கிறார், ஆள் தேடி ஓடுறதும் அதாலதான் நடக்குது. சுவிஸ்ல அப்படி வர்ற காசுல மட்டும் பங்கு பேசிக்கிட்டு கேஸ் எடுக்க லோயருக்கு சட்டம் விடாது. மணித்தியாலக் கணக்குல காசு போகும், அதனால பெறாமகன்கிட்ட கேளுங்க, சட்டச் செலவுக்குன்னு தனி இன்சூரன்ஸ் ஏதும் வச்சிருக்கானான்னு, அங்க நிறையப் பேர் வச்சிருப்பாங்க, வச்சிருக்கிறதே மறந்திருப்பாங்க. முதல் தடவை போகும்போது செலவு எவ்வளவு வரும்னு எழுத்துல வாங்கச் சொல்லுங்க, நல்ல லோயர் அதுக்குக் கோவிக்க மாட்டார்.

மலைய நடத்துற கொம்பனிகள் மேல போடுற கேஸ் வேற கதை, அது உங்க பொடியனுக்கு இப்போதைக்கு தேவையில்ல, ஆனாலும் சொல்லணும்னு தோணுது. அமெரிக்காவுல வெர்மொன்ட் மாநிலத்துல 1974ல ஸ்கீ புதுசா பழகின ஒரு 21 வயசுப் பொடியன், பழகுறவங்களுக்குன்னு விட்ட பாதையில பனிக்குள்ள மறைஞ்சிருந்த சின்னச் செடிப் பத்தையில ஸ்கீ மாட்டி விழுந்து கைகால் செயலிழந்து போனான். ஜூரி 15 லட்சம் டொலர் குடுக்கச் சொல்லி, 1978ல மேல் கோர்ட்டும் அத உறுதிப்படுத்துச்சு. உடனே என்ன நடந்துச்சுன்னா, ஒவ்வொரு மாநிலமா கொம்பனிகளக் காப்பாத்துற சட்டம் வந்துச்சு, ஸ்கீல இயல்பாவே இருக்கிற ஆபத்துக்கு கொம்பனி பொறுப்பில்லன்னு. டிக்கெட் எடுக்கும்போதே எந்த நட்டத்துக்கும் வழக்குப் போட மாட்டேன்னு கையெழுத்து வாங்குற பழக்கமும் நல்லா ஊன்றிப் போச்சு. கொலராடோவுல 2022ல 16 வயசுப் பிள்ளை ஒன்னு ஸ்கீ லிப்ட்ல இருந்து சரிஞ்சு, தகப்பன் கையப் பிடிச்சுக்கிட்டே இருக்க, லிப்ட் நிக்காமப் போக, 30 அடி உயரத்துல இருந்து விழுந்து உடம்பு செயலிழந்துடுச்சு. தகப்பன் கையெழுத்து வச்சிருக்கார்னு கொம்பனி வாதாடுச்சு, 2024ல அந்த மாநில உச்ச நீதிமன்றம், பாதுகாப்புக்குன்னு சட்டம் போட்டு வச்ச கடமைகள மீறினா அந்தக் கையெழுத்து கொம்பனியக் காப்பாத்தாதுன்னு சொல்லிருச்சு. அந்தத் தகப்பன்ட இடத்துல எங்கப்பாவ வச்சுத்தான் நான் அத வாசிச்சேன். கையெழுத்து வச்சதோட கதை முடிஞ்சுன்னுதான் எங்க வீட்டுல எல்லாரும் நம்பிட்டிருந்தோம்.

அகதியா வந்த சனம் கேஸ் போடலாமான்னு உங்க அக்கா கேக்கிறாங்க. அவன் அங்க வரி கட்டுறான், இன்சூரன்ஸுக்கு மாசா மாசம் அவன் சம்பளத்துல வெட்டுறாங்க, கவனமில்லாம வந்து அடிச்சவன் பதில் சொல்லணும்ங்கிற சட்டம் அவனுக்கும் சேர்த்துத்தான். பயத்துல கேக்காம விட்டா அத ஒருத்தரும் நல்ல குணம்னு எடுக்கப் போறதில்ல, அந்த நட்டம் அப்படியே நம்ம வீட்டுப் பொம்பளைங்க தலைல வந்து இறங்கும், எங்க வீட்டுல இறங்கின மாதிரி.

இப்ப செய்ய வேண்டியத சொல்றேன். சுவிஸ்ல நம்மள மாதிரி ரெண்டு வருஷம் இல்ல, 2020ல இருந்து உடம்புக் காயத்துக்கு விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து மூணு வருஷம், ஆனா அதப் பாத்து ஆறப்போட வேணாம். டொக்டர் இதுக்கு மேல குணமாகாதுன்னு சொல்ற வரைக்கும் மிச்சம் பாக்கி ஒன்னுமில்லன்னு எழுதின எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து வைக்கக் கூடாது, அடுத்த பக்க இன்சூரன்ஸ்ல இருந்து நல்ல மரியாதையா கதைச்சு எடுப்பாங்க, மரியாதையாவே லோயர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லட்டும். மலைல தூக்கிக்கொண்டு வந்த ஆட்கள் ஒரு ரிப்போட் எழுதியிருப்பாங்க, அதுட பிரதி வேணும். ஸ்கீ வாடகைக்கு எடுத்ததுன்னா கடைல பாரம், உயரம், வயசு, பூட்ஸ் நீளம், எவ்வளவு பழக்கம்னு கேட்டு எழுதியிருப்பாங்க, அத வச்சுத்தான் விழும்போது ஸ்கீ கால விட்டுக் கழரணும்னு, பூட்ஸ ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பைண்டிங்க இறுக்குறது. அது அன்னைக்கு கழண்டுச்சா இல்லையான்னு அவன் ஞாபகத்துல இருக்கும்போதே எழுதி வைக்கச் சொல்லுங்க, இறுக்கம் கூடினா முழங்கால்தான் முறுக்கு வாங்கும், அப்ப கடையும் பதில் சொல்லணும். சொந்த ஸ்கீன்னா யாருக்கும் குடுக்காம, திருத்தாம, அப்படியே கட்டி வைக்கட்டும். அந்த டச்சுப் பிள்ளைட நம்பர் பொடியன்ட போன்ல இருந்தா இன்னைக்கே ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க, அது கண்டத நாலு வரியில எழுதித் தந்தாலும் காணும், அதுக்கும் இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாம் மறந்துடும்.