பத்தாயிரம் நாள் என்றால் எத்தனை வருடம்?

கேள்வி: நான் பிறந்தது 1998 ஆகஸ்ட் 15. எனக்கு 10,000 நாள் நிறைவதை 365-ஆல் வகுத்துக் கண்டுபிடிக்கலாமா சார்?

பதில்: வகுக்கலாம் தம்பி, ஆனால் கேக்கை ஏழு நாள் தாமதமாக வெட்டுவாய்! 27 வருடம் போக 145 நாள் மிச்சம், அதாவது 2026 ஜனவரி 7 என்று வரும். நடுவில் 2000 முதல் 2024 வரை ஏழு பிப்ரவரி 29 வந்திருக்கிறதே. அதைக் கழித்தால் மிச்சம் 138 நாள்தான். சரியான தேதி 2025 டிசம்பர் 31.

கேள்வி: அப்படியானால் எப்போதும் 365.25-ஆல் வகுத்துவிடலாமா?

பதில்: மனித ஆயுசுக்கு அது போதும். நூற்றாண்டுக் கணக்கு என்றால் 365.2425. 400 வருடத்தில் லீப் வருடங்கள் 97தான். 1900-க்கு லீப் கிடையாது, 2100-க்கும் கிடையாது.

கேள்வி: தாத்தாவின் ஜாதகத்தில் 'உதயாதி நாழிகை 18, வினாடி 30' என்றிருக்கிறது. அது எத்தனை மணி?

பதில்: இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, எனவே ஒரு நாழிகை 24 நிமிடம். 18 நாழிகை என்றால் 7 மணி 12 நிமிடம். அப்புறம் அந்த வினாடி, நம் கடிகார வினாடி இல்லை. நாழிகையை அறுபதாகப் பிரித்த பழைய வினாடி, ஒன்றுக்கு 24 நொடி. ஆக 30 வினாடி என்பது 12 நிமிடம். மொத்தம் 7 மணி 24 நிமிடம். இதைச் சூரிய உதயத்தோடு கூட்ட வேண்டும். அன்று உங்கள் ஊரில் 6.10-க்கு உதயம் என்றால், பிறந்தது பிற்பகல் 1.34. கண்ணை மூடிக்கொண்டு காலை 6 மணியிலிருந்து எண்ணாதீர்கள். ஒரு லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி, ஏறக்குறைய ஐந்து நாழிகைதான். எல்லையில் பிறந்தவருக்குப் பத்து நிமிடத்தில் லக்னமே மாறிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 80 முடிகிறது. ஆயிரம் பிறை கண்டுவிட்டாரா?

பதில்: இன்னும் பத்து பாக்கி அம்மா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சராசரி 29.53 நாள். ஆயிரத்துக்கு 29,530 நாள், அதாவது 80 வருடமும் சுமார் பத்து மாதமும். சதாபிஷேகத்தை எப்போது வைப்பது என்பது உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிடவில்லை.

கேள்வி: 400 நாள் டெபாசிட் என்பது 13 மாதமா?

பதில்: அதைவிட நாலைந்து நாள் கூட. வட்டியை நாள் கணக்கில்தான் பாருங்கள்.

கேள்வி: சார், மறுபடியும் நான்தான், ஆகஸ்ட் 15. டிசம்பர் 31 போய்விட்டால் அடுத்து என்ன கொண்டாடலாம்?

பதில்: நூறு கோடி நொடி! 11,574 நாளும் ஒன்றே முக்கால் மணி நேரமும். 2030 ஏப்ரல் 23-ஐக் குறித்து வை. இரவு பத்தேகால் மணிக்கு மேல் பிறந்திருந்தால் 24. அம்மாவிடம் பிறந்த நேரத்தைக் கேட்டுக்கொள்.