போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வரில் கடவுச்சொல்லைச் சரிபார்க்க பாஸ்வேர்ட், எம்டி5, ஸ்க்ராம் ஆகிய முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

புதிதாக நிறுவுகிறீர்கள் என்றால் ஸ்க்ராம்-ஷா-256 முறையையே தேர்ந்தெடுங்கள். 2017இல் 10ஆம் பதிப்பில் வந்த இம்முறை, 14ஆம் பதிப்பிலிருந்து இயல்பிருப்பாகவே உள்ளது. 'பாஸ்வேர்ட்' முறை கடவுச்சொல்லை அப்படியே அனுப்புவதால், டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) இல்லாத இணைப்பில் அதை நினைக்கவே வேண்டாம்.

எம்டி5இன் குறை சற்று நுட்பமானது. சர்வரில் சேமிக்கப்பட்ட ஹாஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்படும் குறியீடு) திருடுபோனால், கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்காமலேயே அந்த ஹாஷை வைத்து உள்நுழைந்துவிடலாம். அதில் பயனர்பெயரே சால்ட்டாக (ஹாஷ் கணக்கிடும்போது கடவுச்சொல்லோடு சேர்க்கப்படும் கூடுதல் எழுத்துகள்) சேர்வதால், பெயரை மாற்றினால் கடவுச்சொல் அழிந்துவிடும் என்பது பலரைத் திகைக்கவைக்கும் விஷயம். ஸ்க்ராமில் ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் தனி சால்ட் உண்டு. ஹாஷிங்கும் இயல்பாக 4096 முறை நிகழ்கிறது.

பழைய சர்வரை மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் கிளையன்ட் லைப்ரரிகள் (செயலிகள் சர்வருடன் இணையப் பயன்படுத்தும் நிரல்தொகுப்புகள்) ஸ்க்ராமை ஆதரிக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, புதிய கடவுச்சொல்லை எம்முறையில் சேமிப்பது என்று தீர்மானிக்கும் பாஸ்வேர்ட்_என்கிரிப்ஷன் அமைப்பை ஸ்க்ராமுக்கு மாற்றி, அனைவரின் கடவுச்சொற்களையும் மீண்டும் அமையுங்கள், ஏனெனில் பழைய ஹாஷ் தானாக மாறாது. அதுவரை, உள்நுழைவு முறையைக் குறிப்பிடும் பிஜி_எச்பிஏ கோப்பில் எம்டி5 என்றே இருக்கட்டும்: ஸ்க்ராமில் சேமிக்கப்பட்ட கடவுச்சொல் என்றால் சர்வர் தானாகவே ஸ்க்ராமைப் பயன்படுத்திக்கொள்ளும். கடவுச்சொல் ஹாஷ்கள் சேமிக்கப்படும் பிஜி_ஆத்ஐடி அட்டவணையில் 'எம்டி5' என்று தொடங்கும் ஹாஷ் ஒன்றுகூட இல்லையென்று உறுதியான பின்பே பிஜி_எச்பிஏ கோப்பின் அந்த வரியை ஸ்க்ராம்-ஷா-256 என்று மாற்றுங்கள்.