ஒரு நாற்காலி கேளுங்கள்

கேள்வி: எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். குடிவந்து நான்கு வருடமாகியும் எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. ஒருநாள் எல்லோரும் தெருவிலேயே சேர்ந்து சாப்பிடலாம் என்று வீட்டுக்கு வீடு அழைப்புத் தாள் போட்டேன். வந்தது மூன்றே பேர். சமைத்ததெல்லாம் மிஞ்சிப்போனது. மறுபடியும் முயலலாமா, விட்டுவிடட்டுமா அம்மா?
— ஒரு வாசகி

பதில்: விட்டுவிடாதே மகளே. அந்த மூன்று பேரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். அடுத்த முறை நீ தனி ஆள் இல்லை, நாலு பேர்.

நானும் முதல் வருடம் உன்னைப் போலத்தான் கதவிடுக்கில் தாளைச் செருகிவிட்டு வந்தேன். தாளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதனால் சொல்லவும் இல்லை. மறுவருடம் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினேன். "சாப்பிட வாருங்கள்" என்று கூப்பிடவில்லை. ஏதாவது ஒன்று கேட்டேன். ஒரு வீட்டில் கரண்டி, ஒரு வீட்டில் மேசை விரிப்பு, பள்ளிக்கூடம் போகும் பையன் இருந்த வீட்டில் தண்ணீர் ஊற்ற அந்தப் பையன்.

முனைவீட்டில் தனியாக இருந்த பெரியவர் சங்கிலியை எடுக்காமலே கதவை நான்கு விரல் அகலம் திறந்தார். "மடக்கு நாற்காலி ஒன்று கிடைக்குமா ஐயா?" என்றேன். "ஒன்றுதான் இருக்கிறது, கால் ஆடும்" என்றார். "பரவாயில்லை, கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பே வந்துவிட்டார். ஆடுகிற காலுக்கு அட்டையை நாலாக மடித்து, நூல் சுற்றிக் கட்டியிருந்தார். வேறு யாரும் உட்கார்ந்து விழுந்துவிடக் கூடாதே என்று அவரே அதில் உட்கார்ந்தார். நாற்காலியைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும் அல்லவா, கடைசிவரை இருந்தார். விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் நீ ஒருத்தியாக எல்லோருக்கும் சமைக்காதே. நீயே எல்லாம் செய்தால் மற்றவர்கள் வெறும் கையோடு கூச்சப்பட்டு நிற்பார்கள். அப்புறம், முடிகிற நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடு. "இரண்டு மணி நேரம்தான்" என்றால் தயங்குகிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

கேள்வி: ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் தொடமாட்டார். சேர்த்து உட்காரவைத்தால் மனஸ்தாபம் வராதா?
— இன்னொரு வாசகர்

பதில்: மறைத்தால்தான் வரும். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு சீட்டு வையுங்கள். இறைச்சி, முட்டை, பால், கொட்டை வகை எது இருந்தாலும் அதில் எழுதுங்கள். கொட்டையும் பாலும் சிலருக்கு ஒவ்வாமை, உயிருக்கே ஆபத்தாகலாம். இறைச்சி மேசையின் ஒரு கோடியில், மற்றது மறுகோடியில். ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றுக்குப் போகக் கூடாது, அதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். தெருவை மறிப்பதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். ஆம்புலன்ஸ் நுழையும் அளவுக்கு வழி இருக்க வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் ஒருநாள் கூத்துத்தானே? எதற்கு இவ்வளவு பாடு?
— மற்றொரு வாசகர்

பதில்: பிரிட்டனில் முதல் உலகப் போர் முடிந்த மறுவருடம், 1919இல், குழந்தைகளுக்காகத் தெருவிலேயே மேசை போட்டுத் தேநீர் விருந்து வைத்தார்கள். அந்தத் தெரு விருந்து வழக்கம் இன்றும் விட்டுப்போகவில்லை. 2009இல் ஈடன் புராஜெக்ட் என்ற அமைப்பு அதையே ஆண்டுதோறும் நாடு முழுக்க நடக்கும் மதிய உணவாக ஆக்கியது.

பாரிஸ் கதைதான் எனக்கு மனதில் தைத்தது. அங்கே ஒரு மூதாட்டி தன் வீட்டுக்குள் இறந்து, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். அது உறுத்தித்தான் அதனாஸ் பெரிஃபான் என்பவர் 1999இல் நகரின் 17ஆவது வட்டாரத்தில் அக்கம்பக்கத்தார் விருந்தைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் உயிர் நின்றுபோனது தெரியாமல் இந்தப் பக்கம் நாம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தாங்க முடியாத நினைப்பு. அதற்காக எவ்வளவு பாடும் படலாம்.

ஒருநாளோடு முடியாமலிருக்க ஒரு வழியும் உண்டு. வராதவர் வீட்டுக்கு, கைக்குழந்தைக்காரியோ இரவு வேலைக்காரரோ, ஒரு தட்டில் சாப்பாடு வைத்து மூடி எடுத்துப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். தட்டை உடனே திருப்பி வாங்காதீர்கள். அவர்களே ஒருநாள் கொண்டுவந்து கொடுக்கட்டும்.

முதலில் எழுதிய மகளுக்கு: இந்த வாரமே எதிர்வீட்டுக் கதவைத் தட்டு. நாற்காலி இருக்கிறதா என்று கேள். வரும்போது பெயரையும் கேட்டுக்கொண்டு வா.